சண்டையில் ஜெயிப்பது வேறு, ஆட்டத்தில் ஜெயிப்பது வேறு
(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



ஆடுபுலி ஆட்டம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க ஆயாவுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான், ஆனால் தரையில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு மூன்று புலி, பதினைந்து ஆடு என்று காய் வைத்தால் எங்கள் தெருவில் அவங்களை யாரும் ஜெயித்ததில்லை. அந்த ஆட்டத்தின் விசேஷம், இரண்டு பக்கத்துக்கும் வெற்றி ஒன்றல்ல என்பதுதான். புலி ஆட்டைத் தாண்டி வெட்டினால் ஜெயிக்கும். ஆடு யாரையும் வெட்டாது, புலியை நகர விடாமல் அடைத்தால் ஜெயிக்கும். "ஆடு புடிச்சவன் புலி மாதிரி ஆடக்கூடாதுடா" என்று ஆயா சொல்லுவாங்க. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போகிற விஷயம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது என்றாலும் அதன் சாரம் ஆயா சொன்னதுதான்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். 1999ல் வந்த விளையாட்டு. நாம் பிறப்பதற்கு முன்பே வந்தது, இன்னும் நம்ம பசங்க விடவில்லை. 2019 நவம்பரில் அதைப் புதுப்பித்து டெஃபினிட்டிவ் எடிஷன் என்று வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் அதற்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு சேர்க்கை வந்தது. அதில்தான் வங்காளிகள், கூர்ஜரர்களோடு திராவிடர் என்ற இனமும் சேர்ந்தது. முதலாம் இராஜேந்திர சோழன் பெயரில் ஒரு தொடர் படையெடுப்பும் அதில் உண்டு. பாடப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகக் கடந்து போன ராஜா, மவுஸால் கிளிக் செய்தால் நடக்கிறார் என்பதே ஒரு சந்தோஷம்தான்.

ஆனால் நான் பார்த்த வரையில் நம் நண்பர்கள் நன்றாகச் சண்டை போடுகிறார்கள், ஆட்டத்தில் தோற்கிறார்கள். காரணம் ஒன்றுதான். இந்த ஆட்டத்தில் எதைச் செய்தால் வெற்றி என்பதை ஆரம்பத்தில் யாரும் படிப்பதில்லை. டிராயிங்கைப் பார்க்காமல் லேத்தில் ஜாபை மாட்டினால் என்ன ஆகும்? சுழலும், சீவலும் வரும், பளபளவென்றும் இருக்கும், அளவு மட்டும் இருக்காது. அதே கதைதான் இங்கேயும்.

ஆட்டம் தொடங்கும் முன் செட்டிங்ஸ் பக்கத்தில் 'விக்டரி' என்று ஒரு வரி இருக்கும். அதை மூன்று விநாடி நின்று படியுங்கள். 'ஸ்டாண்டர்ட்' என்று இருந்தால் ஜெயிக்க மூன்று வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். எதிரியை அடியோடு அழிப்பது ஒன்று. வொண்டர் என்ற அதிசயக் கட்டடத்தைக் கட்டிக் குறிப்பிட்ட காலம் காப்பாற்றுவது இரண்டு. வரைபடத்தில் கிடக்கிற ரெலிக் எனும் புனிதப் பொருட்கள் அத்தனையையும் சேர்த்து வைத்துக் காப்பாற்றுவது மூன்று. 'கான்க்வெஸ்ட்' என்று மட்டும் இருந்தால் அழிப்பது ஒன்றே வழி. கேம் மோட் 'ரெஜிசைடு' என்றால் ராஜா செத்தால் கதை முடிந்தது. பாயிண்ட் கணக்கு, நேரக் கணக்கு என்று வேறு சிலவும் உண்டு, அவற்றை நம்ம பசங்க அதிகம் ஆடுவதில்லை, விட்டுவிடுகிறேன்.

ரெலிக் விஷயத்தைத்தான் எல்லோரும் இளக்காரமாக நினைக்கிறார்கள். சென்ற வருடம் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நடந்த போட்டிக்கு நம்ம ஆட்கள் இரண்டு பேர் போனார்கள். போய் எதிரியின் முன்வாசலையே உடைத்துவிட்டார்கள். படை இவர்களிடம்தான் அதிகம். திடீரென்று திரையின் மேல் ஓரத்தில் ஆண்டுக் கணக்கு இறங்க ஆரம்பித்தது. எதிரி சத்தமில்லாமல் துறவிகளை அனுப்பி அத்தனை ரெலிக்கையும் தன் மடத்தில் சேர்த்துவிட்டான். இவர்களுக்கு அந்த எண் என்ன என்று புரிவதற்குள் பாதி முடிந்துவிட்டது. மடம் இருந்ததோ வரைபடத்தின் அடுத்த மூலையில். யானைப் படை அங்கே நடந்து போய்ச் சேர்வதற்குள் எதிரிக்கு வெற்றி என்று எழுத்து வந்துவிட்டது!

இதற்கு மருந்து ரொம்பச் சுலபம். ஒரே ஒரு ரெலிக்கை எடுத்து உங்கள் மடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், எதிரிக்கு அந்த வழி அடைபட்டது. அத்தோடு ஒரு ரெலிக்குக்கு நிமிடத்துக்கு 30 தங்கம் சும்மா வந்து விழும். ஐந்து ரெலிக் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் 1500 தங்கம். சுரங்கம் தீர்ந்து போன கடைசிக் கட்டத்தில் இந்தத் தங்கம்தான் சோறு போடும். ரெலிக்கைத் துறவி மட்டுமே தூக்க முடியும், துறவி செத்தால் அது அங்கேயே கீழே விழும். எதிரி மடத்தை இடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே கணக்கு ஓட ஆரம்பித்தால் கோட்டையைத் தேடாதீர்கள், மடத்தைத் தேடுங்கள்.

வொண்டருக்கு மரம் 1000, கல் 1000, தங்கம் 1000. கடைசி யுகத்துக்குப் போன பிறகுதான் கட்ட முடியும். இங்கே பலர் இடறுவது கல்லில். காஸில் ஒன்றுக்கு 650 கல் போகிறது. இரண்டு காஸில் கட்டி முடித்தவனிடம் கல் இருக்காது. மார்க்கெட்டில் வாங்கலாம், ஆனால் வாங்க வாங்க விலை ஏறிக்கொண்டே போகும், நம்ம தீபத் திருவிழா சமயத்து லாட்ஜ் வாடகை மாதிரி. கட்ட முடிவு செய்தவன் முதலிலிருந்தே கல்லைத் தனியாக ஒதுக்க வேண்டும். இன்னொன்று, நீங்கள் கட்டத் தொடங்கியதும் எல்லோருக்கும் செய்தி போகும், அதுவரை உங்களை மறந்திருந்தவனும் படையோடு வருவான். எனவே மதில், காஸில், கடைசியில்தான் வொண்டர். கடற்கரை ஓரத்தில் கட்டவே கூடாது, கப்பலிலிருந்து பீரங்கியால் அடித்துவிடுவான். நம் ஊர் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆரம்பித்து, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது என்கிறார்கள். ராயர் ஆட்சி முடிந்தும் வேலை முடியவில்லை. விளையாட்டில் நாற்பது ஆளை விட்டால் சில நிமிடம்!

அடுத்து கான்க்வெஸ்ட். எதிரியின் ஊரையே எரித்துவிட்டோம், வீடு ஒன்றும் இல்லை, ஆனாலும் வெற்றி என்று வரமாட்டேன் என்கிறது. ஏன்? எங்கோ காட்டு மூலையில் ஒரு வில்லேஜர் ஒளிந்துகொண்டு புதிதாக ஒரு டவுன் சென்டர் கட்டிக்கொண்டிருப்பான். நம்ம பசங்க குதிரையை நாலாபக்கமும் விரட்டி அரை மணி நேரம் தேடுவார்கள். காஸிலில் 'ஸ்பைஸ்' என்று ஒரு ஆராய்ச்சி உண்டு. அதை வாங்கினால் எதிரிக்குத் தெரிவதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அதன் விலை எதிரியின் வில்லேஜர் ஒருவருக்கு 200 தங்கம். நடு ஆட்டத்தில் அவனிடம் அறுபது பேர் இருக்கும்போது 12,000 தங்கம், நினைத்தே பார்க்க முடியாது. கடைசியில் மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது வெறும் 600! அரை மணி தேடுவதை விட இது எவ்வளவோ மேல்.

ரெஜிசைடுக்கு உதாரணம் சொல்ல வெகுதூரம் போக வேண்டாம். பஸ் ஏறினால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் சேர்த்து மதில் போட்ட கோட்டை. 1677ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் மொகலாயப் படைக்குத் தப்பி 1689ல் இங்கே வந்து சேர்ந்தார். 1690ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, 1698 வரைக்கும் இழுத்தது. கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் ராஜாராம் உள்ளே இல்லை! தப்பித்து மகாராஷ்டிரத்துக்கே போய்விட்டார். தளபதியே கண்டும் காணாமல் விட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. ஔரங்கசீப்புக்குக் கோட்டை கிடைத்தது, வெற்றி கிடைக்கவில்லை. ராஜாராம் 1700ல் இறந்த பிறகும் அவர் மனைவி தாராபாய் போரை நடத்தினார். 1707ல் ஔரங்கசீப் தக்காணத்திலேயே இறக்கும் வரை அந்தச் சண்டை தீரவில்லை. எட்டு வருட முற்றுகை, ராஜா கை நழுவியதால் வீண்.

விளையாட்டிலும் இதேதான். ரெஜிசைடில் காஸிலை இடிப்பதில் குறியாக இருப்பான், உள்ளே இருந்த ராஜா பின்பக்கமாக ஓடிவிடுவார். ராஜா நல்ல ஓட்டக்காரர். ஆகவே ட்ரெபுஷேவால் கல் எறிய ஆரம்பிக்கும் முன்பே பின்பக்கம் பத்து குதிரையை நிறுத்துங்கள். ராஜா எங்கே என்றே தெரியவில்லை என்றால் காஸிலில் 'ட்ரீசன்', 400 தங்கம், எதிரி ராஜா இருக்கிற இடத்தைக் கொஞ்ச நேரம் காட்டிக் கொடுக்கும்.

நம் ஊருக்கே நெருக்கமான இன்னொரு கதை இருக்கிறது. கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறோம். அவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். டில்லிப் படையால் துவாரசமுத்திரம் அழிந்த பிறகு நம் திருவண்ணாமலையை இருப்பிடமாக வைத்துக்கொண்டு ஆண்டவர். மாசி மாதம் அருணாசலேஸ்வரரே பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்கு மகனாக இருந்து திதி கொடுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் எப்படி இறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1342 வாக்கில், எண்பது வயதில், சமயபுரம் பக்கத்துக் கண்ணனூர்க் கோட்டையை முற்றுகை போட்டார். உள்ளே இருந்தவர்கள் மதுரை சுல்தானின் ஆட்கள். அவர்களிடம் இரண்டு வார உணவுதான் மிச்சம். சுல்தானிடம் கேட்டுக்கொண்டு சரணடைகிறோம், அவகாசம் கொடுங்கள் என்று கேட்டார்கள். வல்லாளரும் கொடுத்தார். அந்த இடைவெளியில் மதுரையிலிருந்து சுல்தான் கியாசுத்தீன் படையோடு வந்து, எதிர்பாராத நேரத்தில் பாசறைமேல் விழுந்தார். வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த பயணி இபின் பதூதா இதை எழுதி வைத்திருக்கிறார்.

அவர் செய்தது மனிதத் தன்மை. ராஜாவாக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டக்காரனாகப் பார்த்தால், முடிக்க வேண்டிய நேரத்தில் எதிரிக்குக் கொடுத்த பதினைந்து நாள்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நம்ம பசங்களும் எதிரி படுத்த நேரத்தில் "பாவம், எழுந்து வரட்டும்" என்று ஊரை அழகுபடுத்திக்கொண்டு இருப்பார்கள். நேரம் என்பது தோற்கிறவனுக்குத்தான் லாபம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பு வைத்ததே இதற்காகத்தான். 1767 செப்டம்பர். முதல் மைசூர்ப் போர். ஒரு பக்கம் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை. மறுபக்கம் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும், பல மடங்கு பெரிய படையோடு. 3ஆம் தேதி செங்கம் கணவாயில் மோதினார்கள், ஸ்மித் ஜெயித்தார். ஆனால் ஜெயித்தவர் கையில் அரிசி இல்லை! அரிசியும் துணைப் படையும் தேடி நேராகத் திருவண்ணாமலைக்கு வந்தார். மாதக் கடைசியில் இங்கேயே மறுபடி பெரிய சண்டை. அதிலும் ஸ்மித்தான் ஜெயித்தார். நிஜாம் பயந்து போய் அடுத்த வருடம் பிப்ரவரியில் கம்பெனியோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கழன்றுவிட்டார். (செட்டிங்ஸில் 'லாக் டீம்ஸ்' டிக் போடாமல் ஆடினால் இதுதான் நடக்கும். நடு ஆட்டத்தில் கூட்டாளி கட்சி மாறுவான்.)

இரண்டு சண்டையும் கம்பெனிக்கு. கூட்டாளியும் போய்விட்டான். அப்படியானால் போரில் யார் ஜெயித்தது? ஐதர் யோசித்தார். ஸ்மித்தின் படையை அழிப்பதா என் வேலை? கம்பெனியை சமாதானத்துக்கு இறங்கி வரச் செய்வதுதானே? 1769 மார்ச்சில் குதிரைப் படையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்மித்தை எங்கோ பின்னால் விட்டுவிட்டு, ஒரே ஓட்டமாகச் சென்னைப் பட்டணத்தின் வாசலுக்கே வந்து நின்றார். கோட்டையை அவர் பிடிக்கவில்லை, பிடிக்கப் பீரங்கியும் கொண்டு வரவில்லை. ஆனால் கவுன்சில்காரர்கள் நடுங்கிப் போய் ஏப்ரலில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிடித்த இடங்களை இருவரும் திருப்பிக் கொடுப்பது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது. அந்த உதவியைக் கம்பெனி பிறகு செய்யவில்லை, அது வேறு கதை.

செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் தோற்றவர் சென்னையில் ஜெயித்தார். ஏனென்றால் அவர் ஆடினது அந்த ஆட்டம். ஆயா சொன்ன ஆடு-புலி கணக்கு இதுதான். நீங்கள் ஆடும்போதும் எதிரியின் படையோடு மோதிக்கொண்டே இருக்காதீர்கள். இருபது லேசான குதிரையை அவன் வில்லேஜர்கள் மரம் வெட்டுகிற இடத்துக்கு அனுப்புங்கள். படை அப்படியே இருக்கும், அடுத்த படைக்குக் காசு இருக்காது.

திராவிடர் இனத்தை எடுக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அடிக்கடி திருத்தம் வருவதால் எண்கள் மாறலாம், போக்கு மாறாது. இது காலாட்படைக்கும் கடலுக்கும் ஏற்ற இனம். ஒவ்வொரு யுகம் தாண்டும்போதும் 200 மரம் இனாம் வந்தது, அதை அப்போதே வீடாகவோ துறைமுகமாகவோ மாற்றிவிட வேண்டும். படைக்கொட்டில் ஆராய்ச்சிகள் பாதி விலை. மீனவர் கூடுதலாகச் சுமப்பார். குதிரைப்படை பலவீனம், ஆகவே மேலே சொன்ன ஐதர் வேலையை இதில் கப்பல் மூலமாகத்தான் செய்ய வேண்டும். காஸிலில் வருகிற 'உருமி' வீரன் முதல் வீச்சில் பயங்கரமாக அடிப்பான், ஆனால் வில்லாளிகளிடம் சிக்கினால் கரைந்துவிடுவான். முதலில் பெயரைப் பார்த்து உறுமி மேளக்காரர் என்று நினைத்துவிட்டார்கள் நம் ஹாஸ்டலில். நம்ம ஊர்ச் சிலம்ப வாத்தியார்கள் சுருள்வாள் என்பார்களே, அதுதான். 'ஊட்ஸ் ஸ்டீல்' என்கிற ஆராய்ச்சியை விட்டுவிடாதீர்கள், எதிரியின் கவசம் செல்லாக்காசாகிவிடும். மெட்டலர்ஜி பாடத்தில் உருக்கு என்று படிக்கிறோமே, அந்தத் தமிழ், கன்னடச் சொல்லிலிருந்துதான் ஊட்ஸ் என்ற பெயரே வந்தது என்பார்கள். கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழைய இரும்பு, உருக்கு வேலைக்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நம்ம டிபார்ட்மெண்டு விஷயம்!

எங்க அப்பா கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறார். பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் 30 ரூபாய் என்று தெரிந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க?" ஒரு இளநீரில் அவருக்கு நிற்பது பத்து ரூபாய். ஒரு மணி ஆட்டம் என்றால் மூன்று இளநீர் சீவ வேண்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து நான் ஆட்டத்துக்கு முன்பே முடிவு நேரம் பேசிவிடுவது என்று வைத்திருக்கிறேன். இரண்டு மணி, அதற்குள் முடியாவிட்டால் ஸ்கோர் பார்த்து எழுந்துவிட வேண்டும். மாடல் எக்ஸாம் வாரத்தில் இதுவும் கிடையாது. நம் வீடுகளிலிருந்து முதல் ஆளாக டிப்ளமோ படிக்க வந்திருக்கிறோம், நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். நமக்கு இந்த மூன்று வருடத்தின் வெற்றி நிபந்தனை என்ன என்பது செட்டிங்ஸ் பக்கத்தில் எழுதியிருக்காது. அரியர் இல்லாமல் முடிப்பதா, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போவதா, உடனே வேலையா? ஒவ்வொருத்தனுக்கும் அது வேறு. பக்கத்துப் பெஞ்சுக்காரனின் கணக்கை வைத்து ஆடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு வில்லேஜரின் விலை 50 உணவு. பெயர் கிடையாது, பசி கிடையாது. செத்தால் மணியடித்து அடுத்தவனை உண்டாக்கிவிடலாம். செங்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் அந்தச் செப்டம்பரில் இரண்டு பெரிய படைகள் அரிசி தேடி அலைந்தபோது, அந்த அரிசி யார் வீட்டு அரிசி? ஸ்மித் பெயர் இருக்கிறது, ஐதர் பெயர் இருக்கிறது. செங்கம் பக்கத்தில் களத்துமேட்டில் நெல் தூற்றியவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்க ஆயாவின் ஊர் அந்தப் பக்கம்தான். அதனால் வில்லேஜரைச் சாக விட்டுவிட்டு முன்னேறுகிற ஆட்டக்காரனோடு நான் கூட்டு சேருவதில்லை. இது உணர்ச்சி மட்டும் இல்லை, கணக்கும் கூட. எழுபது வில்லேஜரை உயிரோடு வைத்திருப்பவன், நூறு வீரனை இழந்தாலும் மறுபடி எழுந்து வருவான்.

கடைசியாகப் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு. கீபோர்டில் 'எச்' அடித்தால் டவுன் சென்டர் வரும், மணி கேட்டவுடன் அங்கே போய் வில்லேஜர்களை உள்ளே அனுப்புங்கள். முற்றுப்புள்ளியை அடித்தால் எங்கேயோ வேலையில்லாமல் சும்மா நிற்கிற வில்லேஜர் கண்முன் வருவார். அவரைப் பக்கத்து மரத்துக்கோ வயலுக்கோ அனுப்பிவிட்டு மறுபடி அடியுங்கள், இன்னொருவர் நிற்பார்.